கள்ளுக்குச் சிறை! பீருக்குத் திருவிழா!

சென்ற மாதம் ஒரு கூட்டத்தின் பொருட்டு நாம் புளியங்குடிக்குப் போயிருந்தோம். கூட்டம் மாலையில்தான் ஆனதால் பகலில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து தோழர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர்களில் ஒருவர் அவ்வூரில் பிறந்து இப்பொழுது பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் வாலிபர். அவர் அங்கே தாம் போய்வந்த ஒரு பீர்த் திருவிழாவைப் பற்றி வெகு உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் திருவிழாவில் சாமியும் இல்லை, தேரும் இல்லை. பெரிய மைதானம் ஒன்றில் வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடையும் அந்தப் பக்கத்திலேயே சிறு அளவில் பீர் காய்ச்சுகிற ஒரு சாலைக்குச் சொந்தம். பணம் கட்டி உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டுகிறார்கள். பிறகு விரலளவு கண்ணாடிக் குவளையில் ஒவ்வொன்றாக ஊற்றித் தருகிறார்கள். ஆணும் பெண்ணும் அதை முகர்ந்து பார்த்து, வாயில் வைத்து உருட்டி, இது கோதுமை, இது கேழ்வரகு, இதில் மாம்பழ வாசனை, இதில் எலுமிச்சைத் தோல் என்று சொல்லி மார்க்குப் போடுகிறார்களாம். காய்ச்சினவர் முன்னே வந்து நின்று தம் தொழிலின் நுட்பத்தை விளக்க, எல்லோரும் கை தட்டுகிறார்களாம். இதற்குக் "கைவினை பீர்" என்று பெயராம்.

அதே பெஞ்சியின் கோடியில் ஒரு வயதான பனையேறி உட்கார்ந்திருந்தார். கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்க்காரர். கள் இறக்கியதாகத் தம்மேல் போட்டிருக்கும் கேசுக்காக வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, அங்கன போலீஸ் வரலியா?"

"வந்தாவ அண்ணாச்சி. காரையெல்லாம் வரிசையா நிப்பாட்டி விடதுக்கு வந்தாவ."

"எங்க காட்டுக்கும் வந்தாவ தம்பி. கலயத்த ஒடைக்கதுக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். பெஞ்சியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

இந்த இரண்டு போலீசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் நாம் இந்த வாரம் எழுதப்போகிறோம்.

முதலில், பீர் என்பது என்ன, கள் என்பது என்ன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, உலர்த்தி உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்த இனிப்புச் சாற்றை இறுத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறின பிறகு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் போட்டுப் புளிக்க வைத்தால் அது பீர். பனம்பாளையைக் கடிப்பால் நசுக்கி இதமாக்கி, நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குவதும் ஓர் இனிப்புச் சாறே. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இயற்கையாக இருக்கும் ஈஸ்டே அதைப் புளிக்க வைத்துவிட்டால் அது கள். இரண்டிலும் நடப்பது ஒரே காரியம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. இது எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல. பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்துப் பரீட்சை செய்து நிரூபித்த விஷயம். அவர் 1876-ல் பீரைப் பற்றியே தனியாக ஒரு நூலும் எழுதினார்.

பரீட்சைக் குழாயில் ஈஸ்டுக்கு ஜாதி தெரியாது. பார்லிச் சாற்றில் இருந்தால் மேல் ஜாதி, பனஞ்சாற்றில் இருந்தால் கீழ் ஜாதி என்று அது நினைத்துக்கொள்வதில்லை. அப்படி நினைப்பதற்கு மனிதனும் அவன் செய்த சட்டமும் வேண்டியிருக்கிறது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஈஸ்ட் வேலை செய்ய முடியாமல் போகிறது, சாறு இனிப்பாகவே இறங்குகிறது. அது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. பதநீர் ஆரோக்கிய பானம் என்று சர்க்காரே பிரசாரம் செய்கிறது, கருப்பட்டியைச் சர்க்கார் கடையிலேயே விற்கிறது. அதே மரம், அதே பாளை, அதே கலயம், ஏறுகிறவரும் அதே ஆள். சுண்ணாம்பு இருந்தால் அவர் பாரம்பரியத்தைக் காப்பவர். சுண்ணாம்பு இல்லையென்றால் கிரிமினல் குற்றவாளி. ஒரு மனிதனின் யோக்கியதையையும் அயோக்கியதையையும் ஒரு விரல் சுண்ணாம்பைக் கொண்டு தீர்மானிக்கிற சட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று கேட்கிறோம்.

"பெங்களூர் வேறு இராஜ்யம், அங்குள்ள சட்டம் வேறு" என்று சிலர் சொல்லலாம். சரி, பெங்களூரை விட்டுவிடுவோம். நம் நாட்டையே பார்ப்போம். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கிறது. அங்கே பீர் உண்டு. பீர் மட்டுமா? பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் உண்டு. புளித்த கள்ளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு ஆல்கஹால் இருக்கும். பீரிலும் அவ்வளவே, "ஸ்ட்ராங்" என்று எழுதிய பீரில் அதைவிடக் கூடுதல். அந்தப் பிராந்தியிலும் விஸ்கியிலும் நூற்றுக்கு 42.8 பங்கு. ஆகவே நம் சர்க்காரின் மதுவிலக்குக் கொள்கை என்னவென்றால், 5 பங்குள்ளதை விற்றால் ஜெயில், 42.8 பங்குள்ளதைச் சர்க்காரே கடை வைத்து விற்கும் என்பதுதான். இதை மதுவிலக்கு என்று சொல்லுவதா, கள்விலக்கு என்று சொல்லுவதா?

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அப்காரி இலாகா மரத்துக்கு மரம் நம்பர் போட்டு வரி வாங்கியது. 1937 அக்டோபர் 1-ந் தேதி ஆச்சாரியார் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் தளர்த்தப்பட்டது. பின்பு கள்ளுக்கடை மூடுவதும் திறப்பதுமாக இருந்து, கடைசியாக எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1987 ஜனவரி 1 முதல் சாராயக் கடையும் கள்ளுக்கடையும் மூடப்பட்டன. ஆனால் சீமைச் சரக்குக் கடை மூடப்படவில்லை. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக், 2003-ல் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-ம் வருஷத்தில் அதன் மூலம் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கட்சிகள் மாறின, மந்திரிகள் மாறினார்கள், கொடிகள் மாறின. கலயத்தின் மேல் விழும் தடியடி மட்டும் மாறவில்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், கள்ளில் கலப்படம் செய்வார்கள் என்பது. குளோரல் ஹைட்ரேட் என்னும் மயக்க மருந்தைச் சில இடங்களில் கலந்தது உண்மைதான். நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் பாலில் தண்ணீரும் மிளகாய்ப் பொடியில் சாயமும் கலந்தார்கள் என்பதற்காக மாட்டையும் மிளகாய்ச் செடியையுமா சட்டவிரோதம் ஆக்கினார்கள்? பரிசோதனை வைத்தார்கள். கலந்தவனைத் தண்டித்தார்கள். மேலும், மட்டான பானத்தைத் தடுத்துவிட்டால் ஏழை சும்மா இருந்துவிடுகிறானா? கையில் பாட்டில் வாங்கக் காசில்லாதவன் எங்கே போகிறான்? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் பனைமரத்திலிருந்து சொட்டவில்லை, தொழிற்சாலை விஷமாகவே வந்தது. மரத்துக்குக் காவல் போட்டவர்கள் அந்த விஷத்துக்குக் காவல் போடவில்லை.

இரண்டாவது காரணம், வள்ளுவரே "கள்ளுண்ணாமை" என்று 93-வது அதிகாரம் எழுதியிருக்கிறாரே என்பது. எழுதியிருக்கிறார், நாமும் படித்திருக்கிறோம். ஆனால் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, வரி கட்டினதாக இருந்தால் பரவாயில்லை என்று 94-வது அதிகாரம் ஏதாவது எழுதியிருக்கிறாரா? வள்ளுவரைக் காட்டிக் கலயத்தை உடைப்பவர்கள் அதே வள்ளுவரைக் காட்டி டாஸ்மாக் பூட்டைப் பூட்டட்டும், அவர்களுடைய பக்தியை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

மூன்றாவது, கள் கேவலமானது, அசுத்தமானது, நாற்றமடிப்பது என்பது. இதுதான் உண்மையான காரணம். மற்றவையெல்லாம் இதற்குப் போட்ட போர்வை. ருக் வேதத்தின் 9-வது மண்டலம் முழுவதும் சோமபானத்தைப் பற்றியது. அதைக் குடித்தவன் தேவன். கள் இறக்கினவன் யார்? கோயிலுக்குள் வரத் தகாதவன்! தென்பாண்டி நாட்டில் பனையேறும் தொழிலைக் காரணம் காட்டியே ஒரு சமூகம் முழுவதையும், பனையேறாத வியாபாரிகளையும் சேர்த்துத் தீட்டென்று ஒதுக்கினார்கள். அவர்கள் கமுதிக் கோயிலுக்குள் போனதற்கு ஏற்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. நடுவில் 1899-ல் சிவகாசிக் கொள்ளையும் கொலையும் நடந்தன. மலைக்கு மேற்கே அதே தொழில் செய்த குடும்பத்துப் பெண்கள் மார்பை மூடச் சேலை போட்டதற்கு அடிபட்டார்கள். 1859-ல்தான் திருவாங்கூர் சர்க்கார் இறங்கிவந்து உத்தரவு போட்டது. ஆகக் கள்ளின்மேல் உள்ள வெறுப்பு கள்ளின்மேல் உள்ள வெறுப்பல்ல, மரத்தின்மேல் இருப்பவன் மேலுள்ள வெறுப்பு. பாட்டிலில் வந்தால் யார் கை பட்டது என்று தெரியாது. கலயத்தில் வந்தால் தெரிந்துவிடுகிறதே!

இந்த விஷயத்தில் சாமிகளின் கதையும் வேடிக்கையாயிருக்கிறது. சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் கொடை நடக்கும்போது முன்பு கலயத்தில் கள் வைத்துப் படைத்தார்கள். இன்று டாஸ்மாக் பாட்டிலை வைக்கிறார்கள். சாமியே சீமைச் சரக்குக்கு மாறிவிட்டது! சாமி குடித்தால் கொடை, பணக்காரன் குடித்தால் கலாசாரம், ஏழை குடித்தால் கேசு. ஜாதி முறை எங்கே ஒழிந்தது என்று கேட்பவர்கள் இந்த மூன்று குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டைக் காட்டினால்தான் நம்மவர்களுக்குக் காது கேட்கும் என்றால் அதையும் காட்டுகிறோம். ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அக்டோபர் திருவிழா 1810-ல் தொடங்கியது. பெல்ஜியம் நாட்டுப் பீர்க் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ சபை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தியாவுக்குள்ளேயே கோவாவின் முந்திரி ஃபெனிச் சாராயத்துக்கு 2009-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இவ்வளவு தூரம் போவானேன்? புளியங்குடியில் பஸ் ஏறித் தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. மலையின் இந்தப் பக்கம் குற்றமாயிருக்கிற கள் அந்தப் பக்கம் லைசென்சுக் கடையில் விற்கிறது. அங்கே கள் இறக்குகிற தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. 1969-ல் இயற்றிய சட்டப்படி சேமநல நிதியும் உண்டு. இத்தனைக்கும் செங்கோட்டை 1956 வரை திருவாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லைக் கல்லை நகர்த்தியதால் ஒரு தொழிலாளி குற்றவாளியாகிறான் என்றால், குற்றம் அவனிடத்தில் இருக்கிறதா, கல்லில் இருக்கிறதா?

புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கும் சந்தோஷம். அந்த எலுமிச்சையின் தோல் நாளை ஏதாவதொரு பட்டணத்துப் பீர்த் திருவிழாவில் மிதந்து மார்க்கு வாங்கலாம். அந்த எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கிழக்கே நிற்கும் பனையோ 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். மரத்துக்குப் பட்டம், மரத்தில் ஏறுகிறவனுக்கு விலங்கு!

இவ்வளவும் சொன்னதால் நாம் கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கள் உணவு, கள் மருந்து, கள் தமிழன் வீரம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்களிடமும் நமக்குச் சண்டை உண்டு. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே வகுத்துவிட்டது. தீங்கில்லாத அளவென்று எதுவுமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் கூறியது. கைவினைக் குவளையில் இருந்தாலும் சரி, பனையோலைப் பட்டையில் இருந்தாலும் சரி, ஈரலுக்கு அது ஒன்றே. கூலிப் பணம் கடையில் இறங்கினால் அடுப்பு எரியாது என்பது குடிகாரன் மனைவிக்குத் தெரிந்த அளவு எந்தச் சட்ட நிபுணருக்கும் தெரியாது. அந்தப் பெண்கள் நாளைக்குத் திரண்டுவந்து எல்லாக் கடையையும் மூடு என்றால் நாம் அவர்கள் பக்கம் நிற்போம். ஆனால் 'எல்லாக் கடையையும்' என்ற சொல்லை யாரும் அழித்துவிடக் கூடாது.

மலையாள நாட்டில் நாராயண குரு தம்முடைய மக்களைப் பார்த்து, மது விஷம், அதைச் செய்யவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்ற கருத்தைச் சொன்னார். அது மனிதனின் மானத்தைத் தட்டி எழுப்பிச் சொன்ன வார்த்தை. அதற்கு லத்தி தேவைப்படவில்லை. 1921-ல் பெரியார் ஈ.வெ.ரா. கள்ளை ஒழிப்பதற்காகத் தம் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். மரம் சாய்ந்தது, குடி சாயவில்லை. பிற்காலத்தில் அவரே மதுவிலக்குச் சட்டத்தைக் கண்டித்தார். அனுபவத்தில் தவறென்று கண்டதை மாற்றிக்கொள்ளுவதுதான் பகுத்தறிவு. 1937 முதல் இன்றுவரை அனுபவம் பார்த்தும் மாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பனையேறியின் மகன் பனையேறியாகவே இருக்க வேண்டும், அதுதான் மரபு என்று சொல்லுகிறவர்களை நாம் நம்புவதில்லை. தகப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுவது வருணாசிரமத்தின் வேலை. அந்தப் பெரியவர் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறார். தளைநார் தேய்ந்த அடையாளம் இரண்டு பாதத்திலும் காய்த்துக் கிடக்கிறது. தம்முடைய பேரன் மரம் ஏற வேண்டும் என்று அவர் ஒரு நாளும் ஆசைப்படவில்லை. "எம் பேரன் படிக்கான்" என்று சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. பேரன் ஏறாதிருப்பது படிப்பினால் இருக்கட்டும், பயத்தினால் இருக்கக் கூடாது. தாத்தா ஏறுவது பிழைப்பினால் இருக்கட்டும், அதற்குக் கேசு இருக்கக் கூடாது.

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது இரண்டில் ஒன்று. ஆல்கஹால் கெடுதல் என்பது உங்கள் மனப்பூர்வமான அபிப்பிராயமானால், டாஸ்மாக்கையும் அதில் விற்கும் பீரையும் பிராந்தியையும் கள்ளோடு சேர்த்து மூடுங்கள். அதற்குத் தைரியமில்லையென்றால், பலமான சரக்கை வைத்துக்கொண்டு மட்டான சரக்குக்கு மட்டும் சிறை வைக்கும் அக்கிரமத்தை எடுத்துவிடுங்கள். பனையேறிகள் சேர்ந்து அமைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு லைசென்சு கொடுங்கள். கடையை ஏலம் விட்டுப் பழைய கள்ளுக்கடைக் காண்ட்ராக்டரை மறுபடியும் கொழுக்க வைக்காதீர்கள். அன்றன்று இறக்கியதைப் பரிசோதிக்க ஆள் வையுங்கள். மரத்திலிருந்து விழுந்தவன் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை வையுங்கள். ஏறுவதற்கு நல்ல கருவி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடை வைத்தால் அதில் ஒரு ஜாதிக்கு டம்ளர், ஒரு ஜாதிக்குச் சிரட்டை என்ற பழைய அயோக்கியத்தனம் தலைகாட்டாமல் பாருங்கள். எந்த ஊர்ப் பெண்கள் எங்கள் ஊருக்குக் கடை வேண்டாம் என்கிறார்களோ அந்த ஊரில் எந்தக் கடையும் வைக்காதீர்கள்.

பெங்களூர் வாலிபத் தோழர் கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே நம்மிடம் ஒன்று சொன்னார். தாம் அந்தத் திருவிழாவில் 10 விதப் பீரைச் சுவைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மார்க்குப் போட்டதாகவும், தம் ஊரில் பிறந்து வளர்ந்தும் ஒரு பனையேறியிடம் அவருடைய தொழிலைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றும் சொன்னார். அன்று அவர் அந்தப் பெரியவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனார். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய மீதி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு போனார்.

நாட்டிலுள்ள மற்றவர்களும் அவ்வளவாவது விசாரிக்க வேண்டும். ஒரே ஈஸ்ட் செய்த ஒரே காரியத்துக்கு ஓரிடத்தில் கைதட்டலும் ஓரிடத்தில் கைவிலங்கும் ஏன் என்று ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சட்டசபை மெம்பரிடம் கேட்க வேண்டும். கேட்டுப் பதில் வராவிட்டால், ஓட்டுக் கேட்க அவர் வரும்போது மறுபடியும் கேட்க வேண்டும்.